பையைக் குறை! புறப்படு!

இன்னும் எத்தனை மாதம் விலைப்பட்டியலையே பார்த்துக்கொண்டிருப்பாய்?

எந்த கேமரா நல்லது என்று கேட்டாய், சொன்னார்கள். எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டாய், அதையும் சொன்னார்கள். அடுத்த மாடல் வரட்டும் என்றாய். அதுவும் வந்து, பழசாகியும் போய்விட்டது!

நீதான் இன்னும் வாசற்படி தாண்டவில்லை.

கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று மாதம் ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். பார்க்கிற முகங்களையெல்லாம் படமாக்க வேண்டும். இதுதானே உன் ஆசை? நல்ல ஆசை! பெரிய ஆசை!

அதைக் கட்டிப்போட்டிருப்பது எது? பணமா? நேரமா? லென்ஸா?

பயம்!

"என்கிட்ட சரியான கேமரா இல்லை" என்கிறாயே, அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? எனக்குத் துணிச்சல் வரவில்லை என்று அர்த்தம்.

ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம். நீ இன்னும் ஆடவே இல்லையே! ஆடுவதற்கு முன்பே கூடத்தை அளந்துகொண்டிருக்கிறாயே!

போதும். நிறுத்து.

கடைசி ஸ்டேஷனா? முதல் ஸ்டேஷனா?

விடிவதற்கு முன் மாரிகுப்பம் ரயில் நிலையத்துக்கு வா.

பங்காருப்பேட்டையிலிருந்து பிரிந்து வரும் பாதை இங்கே முடிகிறது. இதற்கு அப்பால் தண்டவாளம் கிடையாது. இது கடைசி ஊர் என்று நினைக்கிறாயா?

இருட்டில் பெங்களூர் வண்டி ஏறக் காத்திருப்பவர்களைக் கேள். அவர்களுக்கு இதுதான் முதல் ஸ்டேஷன்!

இது கோலார் தங்கவயல். 1880-ல் ஜான் டெய்லர் என்ற சுரங்கக் கம்பெனி கால் வைத்த மண். 120 ஆண்டுகள் தங்கம் தோண்டினார்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். ஒரே நாளில் ஒரு ஊரின் பிழைப்பு போயிற்று.

ஊர் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்ததா?

எழுந்தது! ரயில் ஏறியது! சுமார் 90 கிலோமீட்டர் தாண்டி பெங்களூரில் வேலை தேடியது. இன்றைக்கும் தங்கவயலிலிருந்து ஆயிரக்கணக்கானோர் தினமும் போய் வருகிறார்கள்.

அவர்கள் கையில் என்ன இருக்கிறது, பார்த்தாயா? ஒரு சோற்று டப்பா. ஒரு தண்ணீர் பாட்டில். ஒரு சீசன் டிக்கெட்.

அவ்வளவுதான்! தினமும் பயணம் போகிறவருக்குத் தெரியும், எதை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று.

அவர்களின் தாத்தாக்கள் யார்? வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர் பக்கத்திலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். கூண்டில் ஏறி பூமிக்குள் இறங்கியவர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம்! அங்கே பாறை கொதிக்கும். எந்த நேரத்தில் வெடித்துச் சரியும் என்று யாருக்கும் தெரியாது.

அவர்களுக்குப் பயம் இல்லையா? இருந்தது. பயத்தோடுதான் இறங்கினார்கள்!

நீ ரயிலில் ஏறப் பயப்படுகிறாய்.

மூச்சு முட்டியவர் செய்த கேமரா

உன் கையில் இருக்கும் சின்ன கேமரா எப்படிப் பிறந்தது தெரியுமா?

ஆஸ்கர் பார்னாக். ஜெர்மனியில் வெட்ஸ்லர் ஊரில் லைட்ஸ் கம்பெனியின் மெக்கானிக். படம் எடுப்பதில் தீராத ஆசை. ஆனால் ஆஸ்துமா! அந்தக் காலத்து மரப்பெட்டி கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து அவரால் மேடு ஏற முடியவில்லை.

"எனக்குக் கொடுத்து வைக்கவில்லை" என்று படுத்துவிட்டாரா?

இல்லை! சினிமா ஃபிலிமை எடுத்தார். 24-க்கு 36 மில்லிமீட்டர் சட்டம் வைத்தார். உள்ளங்கையில் அடங்கும் ஒரு கேமராவை 1914 வாக்கில் செய்து முடித்தார். 1925-ல் லைப்சிக் சந்தையில் அது உலகத்துக்கு வந்தது. பெயர் லைக்கா.

இன்று "ஃபுல் ஃபிரேம்" என்று வாய் நிறையச் சொல்கிறாயே, அந்த அளவு அவர் வைத்த அளவு!

மூச்சு வாங்குவது என்றால் என்னவென்று தங்கவயலுக்குச் சொல்லித்தர வேண்டுமா? பாறைத் தூசி நெஞ்சில் படிந்து, சிலிகோசிஸ் வந்து, பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிட்ட பெரியவர்களை இந்த ஊர் பார்த்திருக்கிறது.

இளைப்பு வந்தவர் கேமராவைச் சிறிதாக்கினார். திடமான நுரையீரல் உள்ள நீ அதை மறுபடியும் மூட்டையாக்குகிறாய்!

ஒரு கேமரா. ஒரு லென்ஸ். அவ்வளவுதான்!

1950 ஏப்ரல். திருவண்ணாமலை. ரமணர் உடல் நலிந்து படுத்திருக்கிறார். ஆசிரமத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் இருக்கிறார். பெயர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன்.

ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு ரமணர் மறைந்தார். அந்த நாட்களின் படங்களை உலகத்துக்குத் தந்தது யார்? இவர்தான்! இதே மனிதர்தான் 1948 ஜனவரி 30 அன்று, காந்தி சுடப்படுவதற்குச் சற்று முன்பு, அவரைச் சந்தித்துப் படம் எடுத்தவர்.

எத்தனை லென்ஸோடு சுற்றினார்? வாழ்நாள் முழுக்க அவர் பெரிதும் நம்பியது ஒரு சின்ன லைக்காவையும் ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸையும்தான்!

வெள்ளைக்காரருக்கு முடியும் என்கிறாயா? நம் ஆளைச் சொல்கிறேன், கேள்.

கோட்டையூர் ஏ.கே. செட்டியார். பிறந்தது 1911. புகைப்படக் கலை படிக்க ஜப்பான் போனார், அமெரிக்கா போனார். 1937-ல் கப்பலில் போகும்போது ஓர் எண்ணம்: காந்தியின் வாழ்க்கையைப் படமாக எடுத்தால் என்ன?

வயது இருபதுகளில்தான். பெரிய கம்பெனி பின்னால் இல்லை. சொந்த ஸ்டூடியோ இல்லை. காந்தியின் பழைய காட்சிகளோ பல நாடுகளில் பலர் கையில் சிதறிக் கிடந்தன.

அவர் என்ன செய்தார்? போனார்! கேட்டார்! வாங்கினார்! சுமார் 1 லட்சம் மைல் சுற்றினார். 50,000 அடி ஃபிலிம் சேர்த்தார். 1940-ல் படத்தை வெளியிட்டார்.

தன்னிடம் இல்லாததை உலகம் சுற்றித் தேடி எடுத்தார் ஒருவர். கையில் இருப்பதை வைத்து ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறாய் நீ!

இது பழங்கதை என்று தள்ளுகிறாயா? மதுரைக்கு வா. எம். பழனிகுமார். மீன் விற்ற தாயின் மகன். துப்புரவுத் தொழிலாளர்களையும் மீனவர்களையும் கடற்பாசி எடுக்கும் பெண்களையும் படம் பிடித்தார். 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். 2022-ல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது பெற்றார். அந்த விருதை முதன்முதலில் பெற்றவரே அவர்தான்!

அவர் பெயரைச் சொல்ல வைத்தது லென்ஸின் விலையா? அவர் போய் நின்ற இடம்!

உன் பையைத் திற!

வா, இப்போது உன் பையைத் திற. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வை.

70-200 லென்ஸ் எதற்கு? தூரத்தில் இருப்பதை எடுக்க என்கிறாய். கபினிக் காட்டில் யானை எடுக்கப் போகிறாயா? அப்படியென்றால் வைத்துக்கொள். அது உன் வேலைக்கு வேண்டியது.

சந்தையில் பூ கட்டும் அம்மாவை எடுக்கவா? அப்படியென்றால் அதற்குப் பெயர் பயம்! பக்கத்தில் போய், "அம்மா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்க உனக்கு நாக்கு எழவில்லை. அந்தப் பயத்துக்கு ஒன்றரைக் கிலோ எடை!

அந்த அகல லென்ஸ் எதற்கு? எல்லாம் படத்துக்குள் வர வேண்டும் என்கிறாய். எது முக்கியம் என்று முடிவு செய்ய உனக்குப் பயம்!

இரண்டாவது கேமரா எதற்கு? முதலாவது கெட்டுப்போனால் என்ன செய்வது என்ற பயம். உன் சட்டைப் பையில் கைபேசி இல்லையா? அதுதான் இரண்டாவது கேமரா!

ஃபிளாஷ், முக்காலி, பத்து ஃபில்டர்... இதெல்லாம்? "எதற்கும் இருக்கட்டும்." இந்த ஒரு சொல்தான் உன் முதுகை ஒடிக்கிறது!

கணக்குப் போடுவோம். பெரிய எஸ்எல்ஆர் கேமரா 900 கிராம். எஃப் 2.8 வைத்த 24-70 லென்ஸ் 800 கிராம். 70-200 லென்ஸ் 1,500 கிராம். சார்ஜர், பை எல்லாம் சேர்க்காமலேயே 3 கிலோவைத் தாண்டிவிட்டது!

நம்பவில்லையா? ஒரு பையில் 3 கிலோ அரிசி போடு. மாரிகுப்பத்திலிருந்து ராபர்ட்சன்பேட்டை வரை வெயிலில் நட. திரும்பி வா. மறுநாளும் நட. மூன்றாம் நாள் அந்தப் பை எங்கே இருக்கும்? வீட்டு மூலையில்!

மூலையில் கிடக்கும் கேமரா எவ்வளவு உயர்ந்ததாக இருந்தால் என்ன? அது படம் எடுக்காது!

எதைத் தேர்ந்தெடுப்பாய்?

வழி மூன்றுதான். குழம்பாதே.

முதல் வழி: லென்ஸ் கழற்ற முடியாத சின்ன கேமரா. ரிக்கோ ஜிஆர் 3-ஐப் பார். பேட்டரியோடு 257 கிராம். ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார். 28 மில்லிமீட்டர் பார்வை. ஜூம் கிடையாது. கால்தான் ஜூம்! நெருங்கிப் போகத் துணிந்தவருக்கு இது போதும்.

இரண்டாம் வழி: ஏபிஎஸ்-சி மிர்ரர்லெஸ் கேமரா, இரண்டு சின்ன லென்ஸ். சோனி ஏ6400 சுமார் 400 கிராம். கூடவே கிடைக்கும் 16-50 லென்ஸ் சுமார் 120 கிராம். 35 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் சுமார் 155 கிராம். மொத்தம் 700 கிராமைத் தாண்டவில்லை! நிக்கானிலும் கேனனிலும் ஃபியூஜியிலும் இதே மாதிரி கூட்டு உண்டு.

மூன்றாம் வழி: மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ். சென்சார் 17.3-க்கு 13 மில்லிமீட்டர். சென்சார் சிறியது, அதனால் லென்ஸும் சிறியது. பானாசோனிக் 20 மில்லிமீட்டர் எஃப் 1.7 லென்ஸ் 100 கிராம்கூட இல்லை! பழைய மாடல்கள் கைமாற்று விலையில் கிடைக்கும். பணம் குறைவு என்று சொல்கிற உனக்காகவே இருக்கிறது இது.

நீண்ட பயணத்துக்கு நான் கைகாட்டுவது இரண்டாம் வழியை. ஏன்? பகலுக்கு ஜூம். இருட்டுக்கு 35.

அந்த 35-ஐ அற்பமாக நினைக்காதே! ஏபிஎஸ்-சி கேமராவில் அது கிட்டத்தட்ட 50 மில்லிமீட்டர் பார்வை. திருவண்ணாமலைக்கு வந்த அந்த பிரெஞ்சுக்காரர் வாழ்நாள் முழுக்க நம்பிய பார்வை!

இன்னொன்று. விடியற்காலைப் பெட்டியில் ஜன்னலோரம் ஒருவர் தூங்குகிறார். மேலே மங்கலான ஒரு விளக்கு. ஜூம் லென்ஸ் எஃப் 5.6-ல் வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் கேட்கிறது. வண்டி குலுங்குகிறது. படம் ஆடிப்போய்விடும்.

35-ஐ மாட்டு. எஃப் 1.8 வை. உள்ளே வரும் வெளிச்சம் 9 மடங்குக்கும் மேல்! இப்போது வினாடியில் நூற்று இருபத்தைந்தில் ஒரு பங்கு போதும். அந்த முகம் அசையாமல் நிற்கும்!

155 கிராம் கண்ணாடி செய்யும் வேலை இது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

பணம் இல்லையா? அதற்கும் சாக்கு இல்லை!

புதிதுதான் வேண்டும் என்று யார் சொன்னது? கைமாற்றாக வாங்கு. கண்ணைத் திறந்து வாங்கு.

கைபேசி டார்ச்சை லென்ஸுக்குப் பின்னால் பிடித்து உள்ளே பார். நூல் நூலாகப் படர்ந்திருந்தால் பூஞ்சை. வேண்டாம், திருப்பிக் கொடு.

எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடு. கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. சுத்தம் செய்யும் செலவை விலையில் குறைக்கச் சொல்.

ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று கேள். பேட்டரி உப்பியிருக்கிறதா, தொட்டுப் பார். லென்ஸைக் கழற்றி மாட்டிப் பார். வெட்கப்படாதே! அது நீ உழைத்துச் சேர்த்த பணம்!

அதற்கும் வழியில்லையா? கைபேசியை எடு! பகல் வெளிச்சத்தில் அது நன்றாகவே எடுக்கும். அது தடுமாறுவது இருட்டிலும் தூரத்திலும்தான். பகலில் ஆயிரம் முகம் இருக்கிறதே! அதை எடுத்து முடித்துவிட்டாயா?

சொந்த ஊரில் சோதனை செய்!

மூன்று மாதப் பயணத்துக்கு முன் மூன்று நாள் உன் ஊரைச் சுற்று. அதே பை. அதே கேமரா. அதே இரண்டு லென்ஸ்.

மாரிகுப்பத்துக்காரரா நீ? உன் முன்னால் சயனைடு மேடு, அந்தச் சுரங்கத் தூள் மலை, நிற்கிறது. சினிமாக்காரர்கள் தேடி வந்து, 2018-ல் வெளியான கேஜிஎஃப் படத்துக்கு அங்கே காட்சி எடுத்துப் போனார்கள். தினமும் அதைப் பார்க்கிற நீ என்ன எடுத்தாய்?

ஒரு எச்சரிக்கை! மூடிய சுரங்கக் குழிகளின் பக்கம் போகாதே. துணிச்சல் வேறு, முட்டாள்தனம் வேறு.

காற்றடிக்கும் நாளில் அந்த மேட்டுத் தூள் மாவாகப் பறக்கும். அங்கே நின்று லென்ஸ் மாற்றாதே! ஏறும் முன்பே எந்த லென்ஸ் என்று முடிவு செய். மாற்றியே ஆக வேண்டுமா? காற்றுக்கு முதுகு காட்டு. கேமராவின் வாய் தரையைப் பார்க்கட்டும். மாற்று லென்ஸின் பின்மூடியை முன்பே தளர்த்தி வை. நொடியில் மாற்று!

மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. ஈரத்துக்குச் சிலிகா ஜெல் பொட்டலம். பேட்டரி மூன்று. பவர் பேங்க் ஒன்று. 128 ஜிபி கார்டு ஒன்றுக்குப் பதில் 64 ஜிபி கார்டு இரண்டு. ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சும். இரவு தூங்கும் முன் படங்களை வேறிடத்தில் நகல் எடு. எவ்வளவு களைப்பாக இருந்தாலும் எடு!

மூன்று நாள் முடிந்ததும் பையைக் கொட்டு. தொடாதது எது? அதை வீட்டில் வைத்துவிடு. ஈவு இரக்கம் வேண்டாம்!

தோற்பாய்! அதனால் என்ன?

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் உன் படங்கள் மோசமாக இருக்கும்.

சில ஆடிப்போயிருக்கும். சிலவற்றில் முகத்துக்குப் பதில் பின்னால் இருக்கும் சுவர் தெளிவாக இருக்கும். பாதிப் படங்களில் மனிதர்களின் முதுகுதான் இருக்கும். ஏன் முதுகு? முன்னால் போய் நிற்க நீ பயந்தாய்!

அழாதே! இது ஒரு டன் கல்லை அரைத்துச் சில கிராம் தங்கம் எடுத்த ஊர். மலையாகக் குவிந்திருக்கிறதே அந்தத் தூள், அது என்ன? தங்கம் எடுத்த பின் மிஞ்சிய கல்! நீ நூறு படம் எடுத்து ஒன்றும் தேறவில்லை என்கிறாய். இருநூறு எடு! முந்நூறு எடு!

ஒவ்வொரு இரவும் ஐந்து படத்தை மட்டும் தேர்ந்தெடு. ஏன் இது நன்றாக வந்தது? ஏன் அது கெட்டது? உன்னையே கேள். நாளைக்கு ஓரடி கூட நெருங்கு. ஓரடி போதும்! பத்து நாளில் நீ வேறு ஆள்.

"வேண்டாம்ப்பா, எடுக்காதே" என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும்! கேமராவை உடனே இறக்கு. கும்பிடு போடு. நகர். அது தோல்வி இல்லை, அவருக்கு நீ தரும் மரியாதை. அடுத்தவர் சிரித்துக்கொண்டே, "எடு கண்ணு" என்பார். அந்த முகம் உனக்குக் கிடைக்க வேண்டுமென்றால் முதல் "வேண்டாம்" உன் மேல் விழுந்தே ஆக வேண்டும்!

"நான் பெண், தனியாக எப்படிச் சுற்றுவது?" என்கிறாயா தங்கச்சி? அந்த அதிகாலை வண்டியில் வேலைக்குப் போகும் பெண்களைப் பார். அவர்களிடம் கேள். எந்தப் பெட்டி, எந்த வழி, எந்த நேரம் என்று அவர்கள் சொல்லித்தருவார்கள். சின்ன கேமரா உனக்கு இன்னும் நல்லது. கைப்பைக்குள் போகும். யார் கண்ணையும் உறுத்தாது.

"எனக்கு வயதாகிவிட்டது" என்கிறீர்களா ஐயா? இளைப்பு வந்தவருக்காகவே பிறந்ததல்லவா சின்ன கேமரா! உங்களுக்கும் சேர்த்துத்தான் அது பிறந்தது!

இனி என்ன சாக்கு மிச்சம்? சொல் பார்ப்போம்!

இன்று இரவு பையைத் திற. பயம் சுமக்கும் லென்ஸ்களை வெளியே வை. வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு கேமரா, இரண்டு லென்ஸ் என்று முடிவு செய். முடிவு செய்த பிறகு அடுத்த மாடலைப் பற்றிப் பேசாதே. அந்தப் பேச்சை இன்றோடு விடு!

நாளைக்கு டிக்கெட் எடு. தூரம் முக்கியமில்லை. பங்காருப்பேட்டை வரை என்றாலும் எடு. புறப்பட்டவருக்குத்தான் அடுத்த ஸ்டேஷன் வரும்!

பயம் போன பிறகு புறப்படலாம் என்று காத்திருக்காதே. அது போகாது. பயத்தோடு ஏறு. பயத்தோடு கேள். பயத்தோடு அமுக்கு. பத்தாவது முகத்தில் அது தானாக இறங்கிவிடும்!

உன் படத்தைப் பார்ப்பவர், "என்ன லென்ஸ்?" என்று கேட்கக் கூடாது. "இந்த அம்மா யார்? எந்த ஊர்?" என்று கேட்க வேண்டும்.

அந்தப் பெயர் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஊரில் நீ சோறு சாப்பிட்டிருக்க வேண்டும்.

போ! போய்க் கேள்! கேட்டு எடு!